சீதாவின் இலாகா

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும், யூனுஸ் இதை மறைத்துவிட்டான் என்று குறை சொல்லக் கூடாது. மலாக்காவில், காஜா பெராங் தெருவில் எனக்கு ஒரு காகிதக் கடை இருக்கிறது. நோட்டு, மை, பென்சில் விற்கிறேன். புத்தகம் பைண்டு செய்கிறேன். அரசாங்கத்தோடு எனக்கு எந்தத் தகராறும் இருந்ததில்லை, மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்து மூன்றாவது மாதம் வரைக்கும்.

அந்த நவம்பர் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை காலையில், சீதா கையில் ஒரு கடிதத்தோடு கடைக்குள் ஓடி வந்தாள். சீதா எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் செட்டி கம்போங் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண். பெயர் சீதா, அம்மா பெயர் கண்ணம்மா, வெள்ளிக்கிழமை நெற்றி நிறையத் திருநீறு. ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். அவர்கள் சனமே பல தலைமுறையாக அப்படித்தான். தமிழில் அவளுக்குத் தெரிந்தது நாலு சாமி பெயர், ஏழெட்டுப் பலகாரத்தின் பெயர். என்னிடம் அவள் பேசியதெல்லாம் மலாய். நான் தமிழாக்கிச் சொல்கிறேன். எங்கேயாவது பிசகினால், இந்தக் கதையில் வரப்போகிற மொழிபெயர்ப்பாளரை நினைத்துக்கொண்டு என்னை மன்னித்துவிடுங்கள்.

"மாமா, ஓவியக் கல்லூரியிலேர்ந்து சூராட் வந்திருக்கு. ஒரு எழுத்துகூடப் புரியல. தமிழ்ல எழுதியிருக்காங்க."

"உனக்கு எதுக்குத் தமிழ்ல?"

"நான் இங்கிலீஷ்லதான் விண்ணப்பம் போட்டேன். பேரு சீதான்னு இருக்கில்ல, அதனால இருக்கும்."

கோலாலம்பூரில் புதிதாக ஓவியக் கல்லூரி திறக்கிறார்கள், மலாக்காவுக்கு ஒரே ஓர் இடம், வயது பதினெட்டைத் தாண்டக் கூடாது என்று பேப்பரில் வந்திருந்தது. சீதாவுக்கு வருகிற மார்ச்சில் பத்தொன்பது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே அவளுக்குக் கிடையாது. ஏழு வயதிலிருந்து என் கடையில் பென்சில் வாங்குகிறவள் அவள். நான் சாமான் மடிக்கிற தாளின் பின்பக்கத்தில் என் மூக்கை வரைந்து, அதை என்னிடமே காட்டி ஓடினவள். அந்த இடம் அவளுக்குக் கிடைக்கவேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. கடிதத்தை வாங்கி உரக்கப் படித்தேன்.

"இம்மாதம் 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தங்கள் இலாகாவைத் தயார் செய்துகொண்டு, அத்துடன் நேரில் ஆஜராகவும். இலாகா இன்றி வருவோர் நிராகரிக்கப்படுவர்."

இரண்டாம் தடவை படித்தேன். மூன்றாம் தடவையும் அதுதான் இருந்தது.

"இலாகான்னா என்ன மாமா?"

"ஜபாத்தான்."

"ஜபாத்தானா? தபால் ஜபாத்தான், போலீஸ் ஜபாத்தான், அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"அலாமாக்! அதை நான் எப்படி மாமா தூக்கிட்டுப் போவேன்?"

கடையை ஜமீலாவிடம் விட்டுவிட்டு நானே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஜமீலா என் மனைவி. கடையை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வாள்.

கல்லூரிக்கு ஆள் எடுக்கிற தேர்வு வாரியம் ஆற்றோரத்தில் ஒரு மாடியில் இருந்தது. முதலில் எங்களை மொழிபெயர்ப்பாளர் ராஜரத்தினத்திடம் அனுப்பினார்கள். அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். கோட்டுப் பையில் மூன்று பேனா.

"ஐயா, இந்த இலாகா..." என்று ஆரம்பித்தேன்.

"போர்ட்ஃபோலியோ. அகராதி பார்த்துத்தான் போட்டேன். பேப்பர்ல படிக்கிறீங்கல்ல? புது மந்திரிகளுக்கெல்லாம் போர்ட்ஃபோலியோ கொடுத்தாங்க. இலாகா ஒதுக்கீடுன்னு அச்சடிச்சிருந்தான்."

அந்த ஆங்கில வார்த்தை காதில் விழுந்ததும் சீதா துள்ளிவிட்டாள். "மாமா! போர்ட்ஃபோலியோன்னா படக் கட்டு! நாம வரைஞ்ச படத்தையெல்லாம் சேர்த்து அட்டைக்குள்ள வச்சுக் கொண்டுபோறது. எங்கிட்ட பதினாலு இருக்கு!"

எனக்கு உயிர் வந்தது. "அப்ப சரி ஐயா, ஒரு வார்த்தை மாறிப்போச்சு, அவ்வளவுதான்" என்றேன் ராஜரத்தினத்திடம்.

அவர் மூன்று பேனாவையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷம் கோர்ட்ல மொழிபெயர்த்தவன் நான். என் மொழிபெயர்ப்பைக் கேட்டு ரெண்டு பேருக்குத் தூக்கு விழுந்திருக்கு. ஒருத்தர்கூடத் திரும்பி வந்து தப்புன்னு சொன்னதில்ல."

அதற்குமேல் அவரிடம் என்ன பேச? செயலாளர் இராமலிங்கத்தின் அறைக்குப் போனோம். செயலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், முழுவதும் கேட்டார், தலையை ஆட்டினார்.

"வெள்ளைக்காரன் காலத்துல சர்க்கார் ஒண்ணு எழுதும், அர்த்தம் வேறொண்ணா இருக்கும். ஜனங்க எவ்வளவு கஷ்டப்பட்டாங்க! இப்ப நம்ம நாடு. நாம என்ன எழுதுறோமோ அதுதான் அர்த்தம். தெரியாம எழுதினாலும் அதுதான் அர்த்தம்."

"தப்புன்னு ஒரு வரி திருத்திடுங்களேன்."

"திருத்தணும்னா முதல்ல தப்பு நடந்திருக்கணும் பாய். இந்த அலுவலகம் திறந்தே ரெண்டு மாசம்தான் ஆகுது. தப்பு செய்யிற அதிகாரம் இன்னும் எங்களுக்கு வரல."

"மத்த பிள்ளைங்களுக்கும் இதேதானா?"

"மலாய்க் கடிதம் போனவங்க படம் கொண்டுவருவாங்க. சீனக் கடிதம் போனவங்களும் படம் கொண்டுவருவாங்க. தமிழ்க் கடிதம் போனவங்க இலாகா கொண்டுவரணும். அவங்கவங்க மொழியில என்ன கேட்டிருக்கோ அது. இதுக்குப் பேருதான் சம உரிமை."

"இவளுக்குத் தமிழே தெரியாதுங்க!"

"அது அவங்க குடும்ப விஷயம். அதுல வாரியம் தலையிடாது" என்றார் செயலாளர், மிகவும் மரியாதையாக.

பிறகு மேசையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். இலாகா என்றால் என்ன இருக்கவேண்டும் என்று அதில் போட்டிருந்தது. பெயர்ப்பலகை, ரப்பர் சாப்பு என்கிற முத்திரை, பதிவேடு, தலைமை எழுத்தர் ஒருவர், பொதுமக்கள்.

"பொதுமக்களா?"

"மனு கொடுக்க ஆள் வராத இடம் இலாகா ஆகுமா? இருபத்தேழாம் தேதி புதன்கிழமை நானே வந்து பார்ப்பேன். சரியா இருந்தா சான்றிதழ். சான்றிதழ் இல்லாம வெள்ளிக்கிழமை உள்ளே விடமாட்டாங்க."

படிக்கட்டில் இறங்கும்போது நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கீழே வந்ததும் சீதா கேட்டாள், "மாமா, பலகைக்கு ஆணி இருக்கா?"

என் கடையின் முன்பாதியைக் காலி செய்தோம். நான் தாளில் எழுதிக் காட்ட, அவள் பலகையில் "இலாகா" என்று தீட்டினாள். அவளுக்கு அது எழுத்து இல்லை, படம். சுழியையும் கொம்பையும் பார்த்துப் பார்த்து வரைந்தாள். அப்படியொரு அழகான இலாகாவை நான் எந்த அரசாங்கக் கட்டடத்திலும் பார்த்ததில்லை. அவள் தலைவி, நான் தலைமை எழுத்தர். எந்த இலாகா என்று தாளில் சொல்லவில்லை, அதனால் நாங்களும் போடவில்லை.

பொதுமக்களுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே ஏழு பேர் நின்றார்கள். எந்த இலாகா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பின்சந்து மீனாச்சி, சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் அடுப்படிக்குள் வருகிறது என்றாள். செமாபோக்கிலிருந்து நடராஜன் என்கிறவர், தன் வீட்டுக் கூரையின்மேல் விளக்குக் கம்பம் சாய்ந்து நிற்பதாகச் சொன்னார். கயிற்றுக்கடை சிஹாபுதீன், பக்கத்துக் கடைக்காரன் பெருக்குகிற குப்பையெல்லாம் தன் வாசலுக்கு வருகிறது என்று கத்தினார்.

ஜனங்கள் தமிழில் அழுவார்கள். நான் அதை மலாயில் சீதாவுக்குச் சொல்வேன். பேனாவும் பதிவேடும் அவள் கையில். அவளுக்குத் தமிழ் எழுத வராது. அதனால் சொன்னதை அப்படியே வரைந்துவிடுவாள். மீனாச்சி ஒரு கையில் சேலையைத் தூக்கிப் பிடித்து, மறு கையில் சோற்றுப்பானையோடு தண்ணீருக்குள் நிற்கிறாள். நடராஜன் கம்பத்துக்கும் கூரைக்கும் நடுவில் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நாளுக்கு இருபது, இருபத்தைந்து பேர். ஆள் போனதும் அடுத்த ஆள், பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கம். நான் அடியில் பெயரும் தேதியும் எழுதிச் சாப்பு அடிப்பேன்.

கல்லூரிக்கு எடுத்துப்போக அவள் வைத்திருந்த பதினாலு படத்தில் இரண்டு பாதியில் நின்றன. நான் கறுப்புத் துணி போட்டு, நாடா வைத்து அருமையான அட்டைக் கட்டு ஒன்று செய்துகொடுத்திருந்தேன். அதைப் பிரிக்கவே அவளுக்கு நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். "அம்மா படம் பாதியில கிடக்கு மாமா. ஆறு நாளா ஒரு கோடு போடல நான்."

"எல்லாம் புதன்கிழமை வரைக்கும்தான் பிள்ள. பொறுத்துக்க" என்றேன். எனக்கும் உள்ளே பதறிக்கொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை ஒரு காரியம் செய்தேன். மீனாச்சியின் சாக்கடையைப் பற்றி நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதி, சாப்பு அடித்து அனுப்பினேன். இலாகா என்கிற சாப்பைப் பார்த்து அங்கே என்ன பயந்தார்களோ, செவ்வாய்க்கிழமையே நாலு ஆட்கள் வந்து, சாக்கடையை அடைத்திருந்த கோணிச்சாக்கை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மீனாச்சி ஒரு கிண்ணம் கேசரி கொண்டுவந்து வைத்தாள்.

புதன்கிழமை இராமலிங்கம் வந்தார். பலகையைப் பார்த்தார், சாப்பைத் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திருப்தியானார். பதிவேட்டைத் திறந்ததும் நெற்றி சுருங்கியது.

"இதென்ன கிறுக்கல்?"

"கையெழுத்துப் போடத் தெரியாத மனுதாரர்களோட அடையாளக் குறிப்புங்க" என்றேன். அந்த நேரத்தில் எப்படித்தான் வந்ததோ!

"நல்ல ஏற்பாடு. இணைப்பு 'அ'ன்னு போட்டுக்குங்க" என்று பக்கத்தைத் திருப்பினார். சாக்கடைப் பக்கத்தில் கை நின்றது. "இது என்ன, 'முடிந்தது'ன்னு எழுதியிருக்கு?"

"முடிஞ்சிருச்சுங்க. நேத்தே சரி பண்ணிட்டோம்" என்றேன் பெருமையாக.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஜமீலாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ஒரே வாரத்திலயா? பாய், இதுதான் இலாகா நடத்துற லட்சணமா? ஒரு மனுவுக்குப் பதில் சொன்னா ஜனங்க இன்னொரு மனுவோட வருவாங்க. அதுக்கும் சொன்னா, வர்றதை நிறுத்தவே மாட்டாங்க. நாட்டுக்கு இப்பத்தான் சுதந்திரம் கிடைச்சிருக்கு, ஜனங்க நம்பிக்கையோட இருக்கணும். நம்பிக்கைன்னா என்ன? ஒரு காரியம் இன்னும் நடக்கலன்னாத்தானே அது நம்பிக்கை? நடந்துட்டா அப்புறம் என்ன மிஞ்சும்? நிலுவை இல்லாத இடத்துக்கு நான் எப்படி இலாகான்னு கையெழுத்துப் போடுவேன்? எனக்கு மனசாட்சி இருக்கு."

"இப்ப என்ன செய்யணுங்க?"

"நூத்துக்கு அறுபதாவது நிலுவையில் இருக்கணும். சாக்கடை மாதிரி முக்கியமான மனு கட்டாயம் நிலுவையில் இருக்கணும். நாளைக்குச் சாயங்காலம் ஆள் அனுப்புவேன்."

மறுநாள் மத்தியானம், தெருவே சோறு தின்றுகொண்டிருந்த நேரத்தில், நான் அந்தக் கோணிச்சாக்கை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். ஐந்து வேளை தொழுகிற மனுஷன், முழங்கை வரைக்கும் சாக்கடையில் விட்டு, அதை இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினேன். அல்லா மன்னிப்பானா என்று தெரியவில்லை. மூன்று மணிக்கு மீனாச்சி ஈரச் சேலையோடு வந்து நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. சீதா இரண்டாம் முறையும் அவளை வரைந்தாள். சாயங்காலம் சான்றிதழ் வந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கே வாரியத்துக்குப் போய்விட்டோம். சீதா கையில் அட்டைக் கட்டு, என் கையில் பதிவேடு. வாசல் மேசைக்காரன் படக்கட்டை வாங்கி வைத்துக்கொண்டான்.

"இலாகாவுக்குச் சம்பந்தமில்லாத பொருள். உள்ள போகக் கூடாது" என்றான். ரசீது கொடுத்தான்.

மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் படக்கட்டோடு உள்ளே போய் வந்தார்கள். எங்களைக் கூப்பிடும்போது மணி பதினொன்று ஐம்பது. கோலாலம்பூரிலிருந்து வந்த மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் மூவார் ஊருக்குக் கிளம்பவேண்டும், கார் கீழே உறுமிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த வயதான கண்ணாடிக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார், போர்ட்ஃபோலியோ எங்கே என்று.

இராமலிங்கம் முன்னால் வந்து சான்றிதழை நீட்டினார். கண்ணாடிக்காரருக்குத் தமிழ் தெரியாது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார், அவர் அடுத்தவரிடம் கொடுத்தார்.

"இது என்ன?"

"விண்ணப்பதாரர் முறைப்படி இலாகா வைத்திருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி" என்றார் இராமலிங்கம்.

"படம் வரைவாரா, மாட்டாரா?"

"வரைவேன் சார்! வெளியில வாங்கி வச்சுட்டாங்க!" என்றாள் சீதா. குரல் உடைந்துவிட்டது.

"கொண்டுவரச் சொல்லுங்கள்."

"வாங்கி வைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க விண்ணப்பம் போடவேண்டும் ஐயா. பத்து நாளில் பதில் வரும்" என்றார் இராமலிங்கம். கொஞ்சம்கூட வெட்கம் இல்லை அந்த மனுஷனுக்கு.

ஐந்து நிமிஷம் இருந்தது. ஓரத்தில் இருந்தவர் பேனாவை மூடினார். கண்ணாடிக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று சொன்னேனே, அந்தக் கோபம் பதினொரு நாளாகத் தொண்டையில் நின்றிருந்தது. பதிவேட்டைத் தூக்கி மேசைமேல் தொப்பென்று போட்டேன்.

"இதுதானய்யா இலாகா! கேட்டீங்கல்ல, பாருங்க!"

பதிவேடு நடுவில் விரிந்தது. சிஹாபுதீன் ஒரு துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் எழுந்தவர் குனிந்தார். பக்கத்தைத் திருப்பினார். நடராஜனின் கம்பம். திருப்பினார். மீனாச்சி. இன்னும் திருப்பினார். மறுபடி மீனாச்சி, இந்தத் தடவை அவள் பானையையும் பிடிக்கவில்லை, சேலையையும் தூக்கவில்லை, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நம்மையே பார்க்கிறாள். அவர் உட்கார்ந்துவிட்டார். மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் வந்து நின்றார்கள். கீழே கார்க்காரன் ஹாரன் அடித்தான், யாரும் காதில் வாங்கவில்லை.

"யார் வரைந்தது?"

"நான்தான் சார்."

"எத்தனை நாளில்?"

"ஒன்பது நாள்."

"யாரை மாதிரியாக வைத்து வரைந்தாய்?"

சீதா என்னைப் பார்த்தாள். "பொதுமக்கள், சார்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை இழுத்து அவள் பெயரை எழுதி, கீழே கோடு போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது இராமலிங்கம் தொண்டையைச் செருமினார். "தேர்வு செல்லும். ஆனால் இது இலாகாவின் பேரில் கிடைத்த தேர்வு. படிப்பு மூன்று வருஷம். அதுவரைக்கும் இலாகா நிலைத்திருக்கவேண்டும். தலைவி போய்விட்டால் பொறுப்பேற்க ஆள் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. நிலுவை அறுபதுக்குக் கீழே இறங்கினால் இலாகா கலையும், இலாகா கலைந்தால் தேர்வும் ரத்து. பொறுப்பேற்கிறவர் இவர்கள் கிளம்புமுன் கையெழுத்துப் போடவேண்டும்."

கண்ணாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இராமலிங்கம் என்னைப் பார்த்தார்.

"வேணாம் மாமா" என்றாள் சீதா.

"போ பிள்ள, பேசாம இரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஓரமாக நின்ற ராஜரத்தினம் தன் பேனாவில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். எழுதி முடித்ததும் துடைத்து வாங்கிக்கொண்டார்.

ஜனவரி முதல் வாரம் சீதா கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினாள். பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது, ஆங்கிலத்தில். நன்றாக இருக்கிறாளாம், தினமும் ஆறு மணி நேரம் வரைகிறாளாம். ஜமீலா அதைச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

அதே மாதம், சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, புக்கிட் காதிலிலிருந்து சாரதாம்பாள் என்று ஒரு பெண் வந்தாள். கையில் அவள் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற விண்ணப்பப் பாரம். ரப்பர் தோட்டத்திலிருந்து குடிவந்தவர்கள். இந்த ஊரில்தான் இருக்கிறார்கள் என்று ஒரு அரசாங்கச் சாப்பு இருந்தால் பையனைச் சேர்த்துக்கொள்வார்களாம்.

"ஒரு சாப்புதான் பாய். நாளைக்குத்தான் கடைசி நாளு. நாலு இடத்துக்குப் போயிட்டேன், இங்கதான் போகச் சொன்னாங்க."

சாப்பு மேசை இழுப்பறையில் இருந்தது. ஒரு நொடி வேலை. அன்று காலைதான் கணக்குப் பார்த்திருந்தேன். சின்ன மனுக்களை அவ்வப்போது முடித்ததில் நிலுவை நூற்றுக்குச் சரியாக அறுபதுக்கு வந்திருந்தது. இன்னும் ஒன்று முடிந்தாலும் அறுபதுக்குக் கீழே இறங்கிவிடும். உள்ளேயிருந்து ஜமீலா எட்டிப் பார்த்தாள். அந்தப் பாரத்தை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்தேன். பதிவேட்டில் அவள் பெயரையும் தேதியையும் எழுதினேன். படம் போட ஆளில்லை.

"பரிசீலனையில இருக்கும்மா. அடுத்த மாசம் வாங்க" என்றேன்.

அவள் பையனின் பாரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள்.

"சரிங்க ஐயா" என்றாள்.

வந்தபோது என்னைப் பாய் என்றுதான் கூப்பிட்டாள்.